பறிக்காவிட்டால் காய்க்காது

காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிட வேண்டும் என்பது தெரியாத ஆள் உலகத்தில் இல்லை. ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் எப்போதோ சொல்லிவிட்டது. 2021-ஐப் பழங்களுக்கும் காய்கறிகளுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. கொண்டாடியும் முடித்துவிட்டது. சுவரொட்டி, பாடப்புத்தகம், மருத்துவமனை வராந்தா என்று எங்கு திரும்பினாலும் இதே பாட்டுதான். ஆனாலும் வேலை முடிந்து பசியோடு வந்து ஃபிரிட்ஜைத் திறக்கும்போது யாருடைய கையும் கேரட்டைத் தேடிப் போவதில்லை. என் கையும் அப்படித்தான்.

தெரிவதற்கும் சாப்பிடுவதற்கும் நடுவே இருக்கிற இந்தத் தூரம் புதிதும் இல்லை. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் ஈறு அழுகிக் கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆறு விதமான வைத்தியம் செய்து பார்த்தார். தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் சாப்பிட்ட இருவருக்குத்தான் ஒரு வாரத்துக்குள் நன்றாகத் தேறியது. இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது. ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்க முடிவு செய்ய 1795 ஆகிவிட்டது. உயிர் போகிற விஷயத்திலேயே இப்படி என்றால், என்றைக்கோ வரப்போகும் இதய நோய்க்குப் பயந்து இன்றைக்கு ஒருவர் கீரை சாப்பிடுவார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

என்னைச் சாப்பிட வைத்தது ஒரு பீன்ஸ் செடி.

மிகையாகச் சொல்லவில்லை. பீன்ஸ் செடிக்கு நம்மைப் பற்றி எந்த அக்கறையும் கிடையாது, அதற்கு வேண்டியது விதை. காய் முற்றி உள்ளே விதை திரண்டுவிட்டால், வந்த வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பிஞ்சாக இருக்கும்போதே பறித்துக்கொண்டே இருந்தால், மறுபடி மறுபடி பூத்துக் காய்க்கும். அதாவது ஒருநாள் விட்டு ஒருநாளாவது ஒரு கைப்பிடி பறித்தே ஆகவேண்டும். பறித்ததை என்ன செய்வது? குப்பையில் போட மனம் வருமா? தினம் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிய செடி. சமைக்கத்தான் வேண்டும். செடி கடன்காரனைப் போல வாசலிலேயே நிற்கிறது, நாம்தான் தவணை கட்டித் தீர வேண்டியிருக்கிறது. வெள்ளரியும் வெண்டையும் இதே ரகம். வெள்ளரியை ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் மஞ்சளாகத் தடித்துத் தொங்கும், கொடியும் சோர்ந்துவிடும்.

மன உறுதி, தீர்மானம், உணவு அட்டவணை இதெல்லாம் என்னிடம் நிலைத்ததே இல்லை. செடியின் தவணை மட்டும் நிலைத்தது. அதனால்தான் 'நிறையச் சாப்பிடுங்கள்' என்று யாரிடமும் நான் சொல்வதில்லை. 'ஒரு தொட்டி வையுங்கள், மற்றதைச் செடி பார்த்துக்கொள்ளும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிற ஆள். எனவே 400 கிராமையும் கணக்கு போட்டுப் பார்த்தேன். இதை 80 கிராம் வீதம் ஐந்து பங்காகப் பிரிப்பது வழக்கம். நடுத்தர அளவு ஆப்பிள் ஒன்று ஒரு பங்குக்கு மேலேயே வரும். தக்காளியும் பெரும்பாலும் அப்படித்தான். உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளி, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகளும் இந்தக் கணக்கில் சேராது (இந்த இடத்தில் எங்கள் வீட்டில் ஒரு பெருமூச்சு கேட்டது). நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிலோ. எங்கள் வாடகை வீட்டுப் பால்கனிக்கு அரைநாள்தான் வெயில். அதில் தலைகீழாக நின்றாலும் தினம் 1.6 கிலோ விளையாது. வீட்டுத் தேவை முழுவதையும் தொட்டியிலேயே எடுத்துவிடலாம் என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். ஒன்று அவர்களுக்குப் பெரிய நிலம் இருக்கும், இல்லையென்றால் விற்பதற்கு ஏதோ இருக்கும்.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு? ருசிக்கு.

விற்பனைக்குப் போகும் தக்காளியைப் பெரும்பாலும் பச்சையாக இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள். பழுத்தால் லாரியில் நசுங்கிப்போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் எத்திலீன் வாயுவைச் செலுத்தினால் சிவந்துவிடும். எத்திலீன் ஏதோ ரசாயன விஷம் என்று பயப்பட வேண்டாம், பழங்கள் தாங்களே வெளிவிடுகிற வாயுதான் அது. நிறம் வந்துவிடுகிறது, ஆனால் கொடியிலேயே பழுத்ததற்குரிய மணமும் இனிப்பும் முழுதாக வந்து சேர்வதில்லை. போதாததற்கு நாம் அதை வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைக்கிறோம். 2016-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுத்த தக்காளியை 5 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் பல அடங்கிப்போயின. வெளியே எடுத்துச் சாதாரண வெப்பத்தில் வைத்த பிறகும் மணம் முழுசாகத் திரும்பவில்லை. ஆகவே தக்காளிக்கு இடம் சமையலறை மேடைதான். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே, செடி வைக்காதவர்களுக்கும் கொஞ்சம் ருசி கூடும்.

பட்டாணியும் சோளக்கதிரும் இன்னும் அவசரக்காரர்கள். பறித்த நிமிடத்திலிருந்தே உள்ளே இருக்கும் சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடும். செடியிலிருந்து உரித்து அப்படியே வாயில் போட்ட பட்டாணி இனிப்பதற்கு இதுதான் காரணம். கீரையில் போவது ருசி மட்டும் இல்லை. அதிலுள்ள வைட்டமின் சி-யும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் நாள் ஆக ஆகக் குறைகின்றன, வெப்பமான இடத்தில் இன்னும் வேகமாக.

இதைச் சொல்லிவிட்டு ஃப்ரீசர் பட்டாணிக்காக நாலு வார்த்தை பரிந்து பேசாவிட்டால் நியாயமாக இருக்காது. பறித்த சில மணி நேரத்திலேயே வெந்நீரில் ஒரு முக்கு முக்கி உறைய வைக்கிறார்கள். பல நாள் பயணம் செய்து, கடைத் தட்டில் வாடி, பிறகு நம் வீட்டிலும் ஒரு வாரம் கிடந்த 'ஃபிரஷ்' காயைவிட அதில் சத்து அதிகமாகவே இருக்கலாம். ஃபிரஷ் என்பது பறித்ததற்கும் தின்பதற்கும் இடையே ஓடிய நேரம். கடையில் எந்தப் பலகைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள் என்பதில் ஒன்றும் இல்லை.

என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். தட்டில் தக்காளித் துண்டு தெரிந்தால் அதை ஓரமாக ஒதுக்கி, பிறகு தட்டையே ஒதுக்குகிறவள். ஒருநாள் செர்ரி தக்காளிச் செடி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

“அப்பா, இது பழுத்துடுச்சா?”

“தெரியலையே. நீயே பறிச்சுப் பாரு.”

பறித்தாள். முகர்ந்தாள். பாதி கடித்து, உள்ளே இருந்த விதையை வெகுநேரம் பார்த்தாள். மீதியையும் சாப்பிட்டுவிட்டாள். நான் பக்கத்தில் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டு, எதையும் பார்க்காத மாதிரி இருந்தேன். அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். 'அடேயப்பா, சாப்பிட்டுட்டியா!' என்று கை தட்டியிருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். இன்றைக்கும் தட்டில் இருக்கும் தக்காளியை ஒதுக்கத்தான் செய்கிறாள், செடியில் இருப்பதை எனக்கு மிச்சம் வைப்பதில்லை. பிடிக்காத காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து தடவை, சில சமயம் அதற்கு மேலும் ருசி காட்ட வேண்டியிருக்கும் என்று குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மூன்றாவது தடவையே 'இவளுக்கு இது பிடிக்காது' என்று முத்திரை குத்திவிடுகிறோம். மிரட்டலும் லஞ்சமும் கொடுத்து ஊட்டியது எங்கள் வீட்டில் ஒருநாளும் பலித்ததில்லை.

சரி, எதில் தொடங்குவது? வீட்டில் ஏற்கெனவே விரும்பிச் சாப்பிடுகிற ஒன்றில். இணையத்தில் அழகாக இருந்தது என்று யாரும் தொடாத காயை வளர்த்தால், பறிக்கவும் தோன்றாது, தின்னவும் தோன்றாது. அதற்கு அடுத்து வெயிலைப் பாருங்கள். காய் காய்க்கிற செடிகளுக்கு, அதாவது தக்காளி, மிளகாய், வெள்ளரி, பீன்ஸ் எல்லாவற்றுக்கும் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் இருந்தால் நல்லது. மூன்று நாலு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் கீரை, புதினா, கொத்தமல்லி, வெங்காயத்தாள். பொறுமை இல்லாதவர்களுக்கு முள்ளங்கி. சிறிய சிவப்பு ரகம் விதைத்த 25, 30 நாளில் கைக்கு வந்துவிடும். குழந்தைகளுக்கும் அதுதான் சரி, முளைத்தது ஞாபகத்தில் இருக்கும்போதே பிடுங்கலாம்.

கீரைக்கு ஒரு சாண் ஆழத்துக்கும் குறைவான தொட்டியே போதும். தக்காளிக்கு ஓர் அடியாவது வேண்டும். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். தொட்டிச் செடிகள் வாடிச் சாவதைவிட அழுகிச் சாவது அதிகம் என்பது நான் பார்த்தவரை உண்மை. தண்ணீருக்கு நேரம் குறித்துக்கொள்ள வேண்டாம். விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் போய் வேறு வேலையைப் பாருங்கள். மேலே காய்ந்த இலையையோ வைக்கோலையோ மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். எண்ணெய், ரசாயனம் இருந்த டப்பாக்களில் தின்னும் செடி வேண்டாம். பழைய பெயின்ட் உதிரும் சுவரோரத்து மண்ணும் வேண்டாம், அதில் ஈயம் கலந்திருக்கலாம்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு அது விதையைவிட முக்கியமாகப் படுகிறது. மொட்டை மாடியில் இருபது தொட்டி வைத்தவரைவிட, சமையலறையிலிருந்து எட்டு காலடி தூரத்தில் மூன்று தொட்டி வைத்தவர்தான் அதிகம் சாப்பிடுகிறார். அடுப்பில் வாணலி காயும்போது போய்க் கிள்ளிக்கொண்டு வரக்கூடிய தூரம், அவ்வளவுதான். மழையிலும் சோம்பலிலும் மாடிப்படி மிக நீளமாகிவிடும்.

வெள்ளரி பூத்தபோது என் மனைவிக்கு ஒரே கவலை. “எல்லாம் பூத்துப் பூத்து உதிர்ந்துபோகுதே, ஏதாவது வியாதியா?” என்று கேட்டாள். வியாதி இல்லை. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள், அவை உதிரத்தான் செய்யும். பின்னால் வரும் பெண் பூவின் அடியில் ஒரு குட்டி வெள்ளரி ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்தாலே தெரியும். தேனீ வராத உயரத்தில் வீடு இருந்தால், காலையில் ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிட வேண்டும். அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டாள், இப்போது என்னை நம்புவதில்லை. தக்காளிக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. ஒரே பூவில் இரண்டும் இருப்பதால் கொத்தை லேசாக ஆட்டிவிட்டால் போதும். கடும் கோடையில் பூவெல்லாம் கொட்டினால் உரம் போட்டுப் புண்ணியமில்லை, வெயில் தணியக் காத்திருக்க வேண்டியதுதான்.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்துத் தோல் மாதிரி ஆனால், உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது என்னவோ உண்மை. ஆனால் பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும், தண்ணீர் ஒழுங்காகக் கிடைக்காததால் அது மேலே ஏறியிருக்காது. இரண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் குளமாக்கினால் இப்படி ஆகும். முட்டை ஓடு மட்கிக் கரைவதற்குள் அந்தச் செடியின் காலமே முடிந்துவிடும். செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள், நிறைய உதிர்ந்துவிடும். இலையில் முதலை மாதிரி ஒரு கறுப்புப் புழு ஊர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினிதான் அதன் சாப்பாடு.

விளைந்ததைச் சமைப்பதில் நான் கவனிப்பது கொஞ்சம்தான். வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். ஆகவே குறைந்த தண்ணீர், குறைந்த நேரம். ஆனால் எல்லாவற்றையும் பச்சையாகத் தின்றால்தான் சத்து என்பதும் தப்பு. தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன் வேகவைத்து, கொஞ்சம் எண்ணெயும் சேர்த்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். கேரட்டுக்கும் எண்ணெய்த் துணை வேண்டும். பழத்தைப் பழமாகவே தின்பது நல்லது. சாறு பிழிந்தால் நாரில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும், மிஞ்சும் இனிப்பை உலக சுகாதார நிறுவனம் குறைத்துக்கொள்ளச் சொல்லும் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் போதும், சோப்பு வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையில் குறுக்கிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் அளவு உண்டு. இந்த இரண்டு பேரும் மருத்துவரைக் கேட்காமல் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ஊர் முழுக்கச் செடி வைத்த கதைகளும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் அரசே 'வெற்றிக்காகத் தோண்டுங்கள்' என்று கூவியது, பூந்தோட்டமும் புல்தரையும் காய்கறிப் பாத்தியாகின. அமெரிக்காவிலும் கோடிக்கணக்கானவர்கள் கொல்லையில் காய்கறி போட்டார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலானோர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். கடமைக்காகச் செய்தது கடமை முடிந்ததும் நின்றுபோனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது இங்கிலாந்தில் டாட்மார்டன் என்ற சிறு ஊர். 2008 முதல் அங்கே சிலர் சேர்ந்து பொது இடங்களில் காய்கறியும் மூலிகையும் நட்டு, யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். காவல் நிலையத்துக்கு முன்னால்கூட நட்டிருக்கிறார்கள். இந்தப் பழக்கம் மற்ற ஊர்களுக்கும் பரவிய விதத்தைப் பார்த்தால், பறித்துத் தின்றவர்களுக்கு அது பிடித்துப்போயிருக்கிறது என்பது தெரிகிறது.

எங்கள் அடுக்ககத்தில் அந்த அளவுக்கெல்லாம் போகவில்லை. மாடி வீட்டு அக்காவுக்குப் புதினா காடாக வளர்கிறது, எங்களுக்கு பீன்ஸ் மிஞ்சுகிறது. “தம்பி, கொஞ்சம் எடுத்துக்கோங்க, இல்லாட்டி இது வீட்டுக்குள்ளயே வந்துடும்” என்று கொண்டு வந்து கொடுப்பார். அவர் எங்களிடம் பீன்ஸ் வாங்கிப் போவது முதலில் மரியாதைக்காக. இப்போது அவரே விதை கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்.

பழச்செடி வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இடம் குறைவென்றால் ஸ்ட்ராபெரி, பெரிய தொட்டி வைக்க முடிந்தால் எலுமிச்சை அல்லது அத்தி. சாப்பிட்ட பழத்தின் கொட்டையைப் போட்டு வளர்ப்பது குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு, ஆனால் அதை நம்பிப் பழத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஆப்பிள் விதையில் வரும் மரம் தாய் மரத்தைப் போலக் காய்க்காது, காய்க்கவே பல வருடம் எடுத்துக்கொள்ளும். ஒட்டுச் செடியாக வாங்கினால் சீக்கிரம் காய்க்கும், எந்த ரகம் என்பதும் முன்பே தெரிந்துவிடும். நடும்போது ஒட்டுப் போட்ட கணு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும், அதற்குக் கீழே இருந்து கிளைக்கும் துளிர்களை அவ்வப்போது கிள்ளி எறிந்துவிடுங்கள்.